உட்கருவைக் கேட்டுக்கொண்டு எந்தப் புரதமும் கிளம்புவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் செல்லைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் அழகு. தமிழும் தடையில்லாமல் ஓடியது. ஆனால் நடுவில் ஒரு பத்தி. செல்லில் உற்பத்தியாகும் புரதங்கள் எங்கெங்கே போக வேண்டும் என்பதை உட்கரு முடிவு செய்து அனுப்பிவைக்கிறது என்று அதில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கல்லணையில் அதிகாரிகள் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று தண்ணீரைப் பிரித்துவிடுவது போலவாம். முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி அதைவிடத் தவறு. கல்லணைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் இதற்குப் பதில் எழுதாமல் வேறு யார் எழுதுவது? கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வலங்கைமான் வட்டத்தில் குடமுருட்டிப் பாசனத்தில் நெல் சாகுபடி செய்பவன். எழுபதுகளில் கும்பகோணத்தில் தாவரவியல் பட்டம் வாங்கினேன். வாங்கிய பட்டத்தைப் பரணில் போட்டுவிட்டு வயலுக்குப் போனேனே தவிர, பாடத்தைப் பரணில் போடவில்லை. இப்போது பேத்தி பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். அவள் புத்தகத்தை அவளுக்கு முன்னால் நான் படித்துவிடுகிறேன் என்பது வீட்டில் ஒரு புகாராகவே இருக்கிறது.

கல்லணைக்கு வந்து சேரும் தண்ணீருக்குத் தான் எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாது. ஷட்டரைத் தூக்கிய பக்கம் ஓடும். எங்கள் வாய்க்காலுக்கு வர வேண்டியது அடுத்த வாய்க்காலில் போய்விட்டால் அதில் தண்ணீரின் குற்றம் எதுவும் இல்லை. மதகைத் திறந்து மூடும் லஸ்கரைத்தான் தேடிக்கொண்டு போக வேண்டும். செல்லில் நிலைமை நேர் எதிர். அங்கே ஷட்டரைத் திருக ஆள் கிடையாது. ஒரு செல்லில் சுமார் நூறு கோடிப் புரத மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உட்கரு வழி சொல்லிக்கொண்டிருக்க முடியாது, சொல்லவும் இல்லை. புரதம் தன் விலாசத்தைத் தன் உடம்பிலேயே தாங்கிக்கொண்டு பிறக்கிறது. அந்த விலாசத்தைப் படிக்கத் தெரிந்தவை வழி நெடுக இருக்கின்றன. செல் முழுக்க இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் குந்தர் புளோபெல். நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1971-இல் டேவிட் சபாட்டினி என்பவரோடு சேர்ந்து இதை ஓர் ஊகமாகச் சொன்னார். செல்லுக்கு வெளியே அனுப்பப்பட வேண்டிய புரதத்தின் முனையில், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் சில கூடுதலாக இருக்கும், செல்லுக்குள் சவ்வால் ஆன எண்டோபிளாச வலைக்குள் நுழைய அவைதான் அனுமதிச் சீட்டு என்று ஊகம். பலர் நம்பவில்லை. 1975-இல் பெர்ன்ஹார்ட் டாபர்ஸ்டைனோடு சேர்ந்து அவர் செய்து காட்டிய சோதனையைத்தான் தங்கள் மாணவர் பக்கம் அச்சிட்டிருக்க வேண்டும்.

அந்தச் சோதனை இதுதான். நாயின் கணையத்தை அரைத்து அதிலிருந்து எண்டோபிளாச வலையின் சவ்வுத் துண்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். அதில் ஒட்டியிருந்த, புரதத்தைச் செய்யும் ரைபோசோம்களைச் சுரண்டி நீக்கிவிட்டு, இளம் சிவப்பணுவிலிருந்து எடுத்த வேறு ரைபோசோம்களைச் சேர்த்தார்கள். நோயை எதிர்க்கும் எதிர்ப்புரதம் ஒன்றின் ஒரு பகுதியைச் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் எலியின் தூது ஆர்.என்.ஏ.வையும் போட்டார்கள். இத்தனையும் ஒரு சோதனைக்குழாயில். புரதம் உருவானது, உருவாகிக்கொண்டிருக்கும்போதே சவ்வைத் துளைத்து உள்ளே போனது. உள்ளே போனதா என்று பார்க்கப் புரதத்தைத் தின்னும் நொதியை ஊற்றினார்கள். சவ்வுக்குள் இருந்தது தப்பித்துக்கொண்டது. சவ்வே இல்லாத குழாயில் உருவான புரதமோ தின்னப்பட்டது. புரதம் முழுதாக முடிந்த பிறகு சவ்வைக் கொண்டுவந்து சேர்த்தாலும் அது உள்ளே நுழையவில்லை. நுழைவு என்பது பிறக்கும்போதே நடந்துவிட வேண்டும்.

இப்போது தங்கள் கட்டுரையாளரை ஒன்று கேட்கிறேன். அந்தக் குழாயில் உட்கரு எங்கே இருந்தது? எலியின் செய்தி, நாயின் சவ்வு, வேறொரு செல்லின் ரைபோசோம். உத்தரவு போட உட்கரு ஒன்றுகூட அங்கே இல்லை. ஆனாலும் புரதம் வழி தவறவில்லை.

உள்ளே நுழைந்ததும் அந்த விலாசத் துண்டை ஒரு நொதி நறுக்கிவிடுகிறது. அதன் வேலை முடிந்தது. 1999-இல் புளோபெலுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது பரிசுக் குழு சொன்ன காரணமும் இதுதான்: புரதங்கள் தங்கள் போக்குவரத்தையும் இருப்பிடத்தையும் தீர்மானிக்கும் சமிக்ஞைகளைத் தம்முள்ளேயே கொண்டிருக்கின்றன. பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை அவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். சிறுவனாக அவர் கண்ட அந்த நகரம் 1945-இல் குண்டுவீச்சில் எரிந்து போனது. அங்கே இடிந்து கிடந்த தேவாலயத்தைத் திரும்பக் கட்டவும், யூதர்களின் வழிபாட்டு இடத்தைக் கட்டவும் அந்தப் பணம் போயிற்று. இது செல்லுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனால் பேத்தியிடம் சொன்னபோது அவளுக்குச் சட்டென்று மனத்தில் நின்றது இதுதான்.

உட்கரு தன் வீட்டுக்காவது தானே ஆள் எடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உட்கருவுக்குள் வேலை செய்ய வேண்டிய புரதங்கள் எல்லாமே வெளியே, செல்லின் சாற்றில்தான் செய்யப்படுகின்றன. அவையும் விலாசம் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். குரங்கு வைரஸ் ஒன்றின் புரதத்தில் 1984-இல் அந்த விலாசத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏழே அமினோ அமிலங்கள். அதில் ஒன்றை மாற்றினால் அந்தப் புரதம் உட்கருவின் வாசலில் தடுக்கப்பட்டு வெளியிலேயே கிடக்கிறது. அந்த ஏழையும் எடுத்துச் சம்பந்தமே இல்லாத வேறு புரதத்தில் ஒட்டினால் அது நேராக உள்ளே போகிறது. தன் வாசலில் நிற்பவரையே அடையாளச் சீட்டுப் பார்த்து விடும் உட்கரு, ஊருக்கெல்லாம் எப்படி வழி சொல்லும்?

"அந்த விலாசமும் மரபணுவில்தானே எழுதியிருக்கிறது, மரபணு உட்கருவில்தானே இருக்கிறது" என்று கட்டுரையாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புரதத்தின் அமினோ அமில வரிசை மரபணுவில் இருக்கிறது, விலாசமும் அந்த வரிசையின் ஒரு பகுதி. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலாசம் எழுதியிருந்தால் போதுமா? படிக்க ஒரு சவ்வு முன்கூட்டியே இருக்க வேண்டும். எண்டோபிளாச வலையை வெறும் மரபணுவிலிருந்து எந்தச் செல்லும் புதிதாகக் கட்டுவதில்லை. இருக்கிற வலை வளர்ந்து, செல் இரண்டாகும்போது இரண்டாகப் பங்கு பிரிகிறது. சவ்வு சவ்விலிருந்தே வருகிறது. தாயின் கருமுட்டையில் இருந்த சவ்வின் தொடர்ச்சிதான் இந்தக் கடிதத்தை எழுதும் கையிலும் இருக்கிறது. மரபணுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தச் சொத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. சில மாதங்களுக்கு முன் தஞ்சாவூரில் மருத்துவர் 'சி-பெப்டைடு' என்ற பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று பரிசோதனைக் கூடத்தில் யாரும் சொல்லவில்லை. நாங்களும் பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். ஆனால் புளோபெலின் கதை தெரிந்தால் இந்தப் பரிசோதனை விளங்கிவிடும். இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான சங்கிலியாகத்தான் பிறக்கிறது. அதில் முதல் 24, விலாசம். எண்டோபிளாச வலைக்குள் நுழைந்ததும் அது நறுக்கப்படுகிறது. மிச்சம் 86. அது மடிந்து, உரிய இடங்களில் கந்தகப் பிணைப்புகள் விழுந்து, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பைக் கடந்து, நுண்பைகளில் நிரப்பப்படுகிறது. அந்தப் பைக்குள்ளேயே நடுவில் இருக்கும் 31 அமினோ அமிலத் துண்டு வெட்டி எடுக்கப்படுகிறது. அதுதான் சி-பெப்டைடு. வெட்டு விழும் இடங்களில் உள்ள நான்கும் போக, மிஞ்சும் 51-தான் இன்சுலின். இரண்டும் ஒரே பையில் இருப்பதால், இரத்தத்தில் சர்க்கரை ஏறி, செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து, பை செல்லின் சவ்வோடு கலந்து வாய் திறக்கும்போது இரண்டும் சம எண்ணிக்கையில் வெளியே வருகின்றன. ஊசியில் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் சி-பெப்டைடு இல்லை. ஆகவே ஊசி போட்டுக்கொள்கிறவர் இரத்தத்திலும் சி-பெப்டைடை அளந்தால் அவருடைய சொந்தக் கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று தெரிந்துவிடும். இதை அவளிடம் விளக்கினேன். "அப்படியானால் என் கணையம் இன்னும் வேலை செய்கிறது என்கிறீர்கள்" என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு முறுக்கு ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டாள். அதற்கு நான் பொறுப்பல்ல.

கணையம் என்றதும் ஜார்ஜ் பலாடேவைச் சொல்லாமல் விட முடியாது. ருமேனியாவில் பிறந்தவர். புரதம் வெளியேறும் பாதையைக் கண்ணால் பார்க்கும்படி செய்தவர் அவர். கணையச் செல்லுக்குக் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை மூன்று நிமிடம் மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு சாதாரண அமினோ அமிலத்தை மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் நிமிடத்தில் கதிரியக்கப் புள்ளிகள் எண்டோபிளாச வலையில் தெரிந்தன. இருபது நிமிடம் ஆனபோது கோல்கையின் அருகில். இரண்டு மணி நேரத்தில் வெளியேறத் தயாராக நிற்கும் பைகளில். 1974-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. 1898-இல் கமில்லோ கோல்கை கண்ட அந்த உறுப்பு அவர் பெயரையே பெற்றது. அப்படி ஓர் உறுப்பே இல்லை, சாயம் செய்த கோளாறு என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

புரதம் போவதற்கு மட்டும் விலாசம் என்று நினைக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே இருக்கவும் விலாசம் உண்டு. எண்டோபிளாச வலையிலேயே தங்கி வேலை செய்ய வேண்டிய புரதங்கள் சில சமயம் கூட்டத்தோடு கூட்டமாகக் கோல்கைக்குப் போய்விடும். அவற்றின் வால் நுனியில் லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லியூசின் என்று நான்கு எழுத்து இருக்கிறது. கோல்கையில் அதைப் படிக்கும் ஏற்பி ஒன்று உண்டு. பிடித்து, பையில் போட்டு, திருப்பி அனுப்பிவிடும். இதை 1987-இல் மன்றோவும் பெல்ஹாமும் கண்டுபிடித்தார்கள். இந்த நான்கு எழுத்தை ஒரு திருடனும் தெரிந்து வைத்திருக்கிறான். காலராக் கிருமியின் நச்சுப் புரதத்தின் வாலில் அதே நான்கு எழுத்து! குடலின் செல்லுக்கு வெளியே ஒட்டும் அந்த நச்சு, உள்ளே இழுக்கப்பட்டு, செல்லின் சொந்தத் திரும்பும் பாதையிலேயே கோல்கை வழியாக எண்டோபிளாச வலை வரை பின்னோக்கிப் போய், அங்கிருந்து செல்லின் சாற்றுக்குள் கசிந்து, உப்பையும் தண்ணீரையும் கொட்ட வைக்கிறது.

எங்கள் பாட்டிமார் 'காலரா' என்று வாயால் சொல்லமாட்டார்கள். வாந்திபேதி என்றுகூடத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். ஆற்றுத் தண்ணீரையே குடித்த ஊர்களில் அந்தப் பயம் நியாயமானது. காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது, ஆளைக் கொல்வது அந்த நச்சுதான் என்று 1959-இல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் குடலை வைத்து, எளிய கருவிகளோடு செய்தார். தங்கள் மாணவர் பக்கத்தில் அவர் படத்தை இதுவரை நான் பார்த்ததில்லை.

நெல்லுக்கு வருகிறேன். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அரிசியில் மாவுச்சத்து போகச் சிறிய பங்குதான் புரதம். அந்தப் புரதத்தில் பெரும்பகுதி குளூட்டெலின், அடுத்தது புரோலமின். இரண்டும் ஒரே செல்லில், ஒரே எண்டோபிளாச வலையில்தான் உருவாகின்றன. ஆனால் போகும் இடம் வேறு. புரோலமின் எங்கும் போவதில்லை. எண்டோபிளாச வலைக்குள்ளேயே உருண்டையாகத் திரண்டு அங்கேயே நின்றுவிடும். குளூட்டெலின் கோல்கை வழியாகப் பயணம் செய்து, சேமிப்புப் பையான வாக்குவோலுக்குப் போய், அங்கே ஒரு நொதியால் இரண்டாக வெட்டப்பட்டு அடுக்கப்படும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், பிரிவு புரதம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. புரோலமினின் தூது ஆர்.என்.ஏ., அந்த உருண்டைகளைச் சூழ்ந்த சவ்வில் போய் ஒட்டுகிறது. குளூட்டெலினுடையது எண்டோபிளாச வலையின் வேறொரு பகுதியில். அமெரிக்காவில் தாமஸ் ஒகிட்டாவின் குழு தொண்ணூறுகளில் இதைக் கண்டது.

இந்தப் பயணத்துக்கும் நம் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது. புரோலமின் உருண்டை நம் குடலில் எளிதில் கரைவதில்லை; சாப்பிட்டபடியே பெரும்பாலும் வெளியே போய்விடும். குளூட்டெலின் நன்றாகச் செரிக்கும். சிறுநீரகம் பழுதாகி, புரதத்தைக் குறைத்துச் சாப்பிட வேண்டியவர்களுக்காக ஜப்பானில் குளூட்டெலின் குறைந்த நெல் ரகம் ஒன்றை உருவாக்கினார்கள். அரிசியில் உள்ள மொத்தப் புரதம் பெரிதாகக் குறையவில்லை. உடம்பு எடுத்துக்கொள்ளும் புரதம் குறைந்துவிட்டது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது; எத்தனையோ நல்ல ரகங்களைக் கொடுத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு சர்க்கரையும் அதன் பின்னால் சிறுநீரகக் கோளாறும் வந்துகொண்டிருக்கும் நம் பக்கத்துக்கும் இப்படி ஒரு ரகம் வேண்டும் என்பது என் ஆசை.

குளூட்டெலின் வழி தவறினால் என்ன ஆகும்? அதையும் பார்த்திருக்கிறார்கள். எந்த நுண்பை எந்தச் சவ்வை நாடிப் போக வேண்டும் என்பதை 'ராப்' என்ற சிறிய புரதக் குடும்பம் அடையாளம் காட்டுகிறது. பையின் மேல் ஒரு ராப், சேர வேண்டிய சவ்வில் அதைப் பிடித்துக்கொள்ளும் இன்னொன்று. நெல்லில் ராப்5 என்ற ஒன்று பழுதான பயிர்களில் குளூட்டெலின் வாக்குவோலுக்குப் போகாமல் செல்லுக்கு வெளியே கொட்டப்படுகிறது. அந்த அரிசி கண்ணாடிபோல் தெளிவாக இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளையாக, மாவாகப் போய்விடுகிறது. விலாசம் சரி, படிப்பவர் சரியில்லை. (நம் வயலில் அரிசி நடுவில் வெள்ளை விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் பால் பிடிக்கும் சமயத்து வெயில்தான். வியாபாரி விலையைக் குறைக்கும்போது அவரிடம் ராப்5 பேசிப் பயனில்லை.)

குறுவை அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். சென்ற பருவத்தில் எங்கள் களத்தில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்த நெல் அம்பாரம் முளைத்துவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலில் சிக்கல் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நெல்லுக்குள் அப்போது என்ன நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. தண்ணீர் குடித்த முளைக்கரு ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது தவிட்டோடு ஒட்டியிருக்கும் அலியூரோன் அடுக்கின் செல்களைப் போய்ச் சேர்கிறது. அந்தச் செல்கள் ஆல்பா-அமைலேஸ் நொதியைச் செய்யத் தொடங்குகின்றன. செய்தால் மட்டும் போதாது. மாவுச்சத்து செல்லுக்கு வெளியே, அரிசியின் நடுவில் இருக்கிறது. நொதி வெளியே போயாக வேண்டும். ஆகவே அமைலேஸின் முனையிலும் புளோபெல் சொன்ன அதே விலாசம். எண்டோபிளாச வலை, கோல்கை, நுண்பை, செல் சவ்வு, வெளியே. நான் நான்கு மாதம் காத்து விளைவித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாகக் கரைத்து முளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கின்றன அந்தச் செல்கள். என் களத்தில் அந்த வேலை எவ்வளவு பிழையில்லாமல் நடந்தது என்பதற்கு முளைவிட்ட மூட்டைகளே சாட்சி. உட்கருவுக்கு இதில் பங்கு உண்டு: அமைலேஸ் மரபணுவைத் திறந்துவிட்டது அதுதான். அதோடு அதன் பேச்சு முடிந்தது. வெளியேற்றியது சவ்வு.

சவ்வுப் போக்குவரத்துக்கு என்னென்ன புரதங்கள் தேவை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவர்களில் ராண்டி ஷெக்மனைச் சொல்ல வேண்டும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்தான் அவர் எடுத்துக்கொண்ட உயிர். சாதாரண வெப்பத்தில் நன்றாக வளர்ந்து, 37 டிகிரியில் சுரப்பு நின்றுபோகும் திரிபுகளைத் தேடினார். 1979-இல் பீட்டர் நோவிக் என்ற மாணவரோடு முதல் திரிபுகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டுக்குள் 23 மரபணுக்கள். சுரப்பு நின்றாலும் புரத உற்பத்தி நிற்காது, ஆகவே அந்தச் செல்கள் உள்ளே அடைத்துக்கொண்டு கனமாகிவிடும். கனத்தை வைத்தே அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். பழுதான இடத்தைப் பொறுத்துச் சரக்கு தேங்கும் இடமும் மாறியது: சிலவற்றில் எண்டோபிளாச வலை உப்பியது, சிலவற்றில் நுண்பைகள் குவிந்தன. ஜேம்ஸ் ராத்மன் அதே கேள்வியைச் செல்லை உடைத்து, சோதனைக்குழாயில் கேட்டார். பையிலும் போய்ச் சேரும் சவ்விலும் ஜோடிப் புரதங்கள் இருக்கின்றன என்று 1993-இல் முடிவுக்கு வந்தார். அவை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இரண்டு சவ்வுகளையும் இழுத்து ஒன்றாக்குகின்றன. நரம்பில் கால்சியம் வந்தவுடன் அதை உணர்ந்து வாய் திறக்க வைப்பது எது என்பதைத் தாமஸ் சூடோஃப் காட்டினார். மூவருக்கும் 2013-இல் நோபல்.

அந்த ஜோடிப் புரதங்களில் ஒன்றை வெட்டினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர் மக்கள் நோபலுக்கு முன்பே அறிவார்கள். மண்வெட்டி காலில் பட்டால் உடனே ஊசி போட ஓடுகிறோமே, எதற்கு? மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் டெட்டனஸ் கிருமியின் நச்சு ஒரு கத்தரி. நரம்பின் வழியே தண்டுவடத்துக்கு ஏறி, நுண்பையின் மேல் இருக்கும் சினாப்டோபிரெவின் என்ற ஜோடிப் புரதத்தில் ஒரே ஒரு பிணைப்பை வெட்டுகிறது. 1992-இல் தெரிந்துகொண்டார்கள். வெட்டியபின் தசையைத் தளர்த்தச் சொல்லும் செய்தி பையிலேயே அடைபட்டுக் கிடக்கும். தசை இறுகியது இறுகியபடி நிற்கும், தாடை பூட்டிக்கொள்ளும். பிரசவத்தில் தொப்புள்கொடியை அறுத்த கத்தி மூலம் பச்சைக் குழந்தைகள் இந்த நோயில் போன காலம் ஒன்று இருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு வீடு வீடாக நடந்த செவிலியர்களின் உழைப்பில், 2015-இல் தாய்-சேய் டெட்டனஸ் ஒழிப்பை இந்தியா எட்டியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இவ்வளவு எழுதியும் செல்லுக்கு உள்ளே வரும் சரக்கைப் பற்றி நான் பேசவே இல்லை. இரண்டு செய்திகளோடு விடுகிறேன். சவ்வு உள்வாங்கிச் சரக்கைப் பிடிக்கும் குழிகளை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் ராத், போர்ட்டர் இருவரும், 1964-இல். எதில் தெரியுமா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையில். நம் இரத்தத்தைக் குடித்த கொசு முட்டைக்குள் மஞ்சள்கருப் புரதத்தை எப்படி இழுத்துக்கொள்கிறது என்று பார்க்கப் போய் அதைக் கண்டார்கள். அடுத்தது மாட்டுக்காரர்களுக்கு: பசுவின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு எதிர்ப்புரதங்கள் போவதில்லை. பிறந்த கன்றின் குடல் செல்கள் முதல் நாளில் மட்டும் சீம்பாலில் உள்ள எதிர்ப்புரதங்களைச் செரிக்காமல் முழுசாக உள்வாங்கி மறுபக்கம் இரத்தத்தில் விட்டுவிடும். ஒரு நாள் கடந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று கன்றைக் கட்டிப்போட்டு வைப்பவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் நாளிதழை வாங்குகிறவர்கள். இதைப் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது.

கட்டுரையாளரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எழுதியது பாடப்புத்தகத்தின் வழி. உட்கருவை மேலே உட்கார வைத்துவிட்டு மற்றதையெல்லாம் கீழே நிறுத்தினால் படம் வரைய வசதி, மதிப்பெண் போடவும் வசதி. பேத்தியின் காலாண்டுத் தேர்வில் 'செல்லின் அனைத்துச் செயல்களையும் கட்டுப்படுத்துவது எது' என்று ஒரு மதிப்பெண் கேள்வி வந்தது. உட்கரு என்றே எழுதிவிட்டு வா என்று சொல்லியிருந்தேன். எழுதினாள், மதிப்பெண் வந்தது. என் கோரிக்கை தங்களிடம் மட்டுமே. வரும் இதழ்களில் ஒன்றில் அந்த 1975-ஆம் ஆண்டுச் சோதனையை, குழாயின் படத்தோடு, உட்கரு இல்லாமல், மாணவர் பக்கத்தில் வெளியிடுங்கள். இடம் பற்றாக்குறை என்றால் என் கடிதத்தில் கொசுவையும் கன்றையும் வெட்டிவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. நெல்லை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
வலங்கைமான் வட்டத்து விவசாயி